பழைய டிரெய்லரில் போகாத நாற்றம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவின் ஒன்ராறியோவில் நாங்கள் வைத்திருக்கும் பயண டிரெய்லர், அதாவது வண்டிக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் சக்கர வீடு, 1996இல் கட்டப்பட்டது. 22 அடி நீளம். வாங்கப் போன அன்று உள்ளே மல்லிகை வாசனை தூக்கலாக இருந்தது. வீட்டுக்கு இழுத்து வந்த மூன்றாம் நாள் மல்லிகை வடிந்துபோய், நனைந்த சாக்கு மூட்டையின் வாடை எழுந்தது. அதைப் போக்க எங்களுக்கு ஒரு கோடைக்காலம் முழுவதும் பிடித்தது. அதன்பின் பழைய டிரெய்லர் வாங்கிய உறவினர்களும் நண்பர்களும் கேட்ட கேள்விகளுக்குச் சொன்ன பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன்.

நாற்றம் எங்கிருந்து வருகிறது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

எதையும் வாங்குவதற்கு முன்னால் செய்யவேண்டிய வேலை இது. வெயில் நாள் ஒன்றில் கதவு, சன்னல், கூரைத் திறப்பு எல்லாவற்றையும் மூடிவிடுங்கள். மாலையில் கதவைத் திறந்து உள்ளே போய் இழுக்கும் முதல் மூச்சுதான் உண்மை சொல்லும். சில நிமிடங்களில் மூக்கு பழகிவிடும். அதற்குப் பிறகு எதுவும் தெரியாது. வெளியே போய்ச் சற்று நேரம் நின்றுவிட்டுத் திரும்ப வாருங்கள்.

அந்த முதல் மூச்சில் வாயில் என்ன சொல் வருகிறது என்று கவனியுங்கள். நாற்றத்தைப் பிரித்துச் சொல்ல நம் மொழியில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. மக்கல் வாடை என்றால் ஈர மரமும் பூஞ்சணமும். மூத்திர நெடி என்றால் எலி, பூனை, அல்லது ஃப்ரிட்ஜிலிருந்து கசியும் அமோனியா. முடை நாற்றம் என்றால் ஏதோ ஒன்று செத்துக் கிடக்கிறது. சிக்கு வாடை என்றால் பழைய எண்ணெய். சாக்கடை வீச்சம் என்றால் கழிவுநீர்க் குழாய். அழுகிய முட்டை நாற்றம் என்றால் மூன்று காரணங்கள் இருக்கலாம். அவற்றில் ஒன்று உயிருக்கே ஆபத்தானது. அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

எப்போது வருகிறது என்பதும் முக்கியம். மழை பெய்த மறுநாளா, ஃபர்னஸ் என்னும் சூடேற்றி ஓடும்போதா, கழிவறையில் தண்ணீர் விடும்போதா, வண்டி ஓடி நின்ற பிறகா? ஒரு வாரம் குறித்துவைத்தால் பாதி வேலை முடிந்தது. பிறகு ஒவ்வொரு அலமாரியாகத் திறந்து, தலையை உள்ளே விட்டு மோந்து பாருங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எங்களுடையது மக்கல் வாடை. எவ்வளவு துடைத்தாலும் திரும்பி வருகிறது. ஏன்?

நீங்கள் துடைப்பது சுவரின் முகத்தை. ஈரம் இருப்பது சுவரின் வயிற்றில்.

பழைய டிரெய்லர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி கட்டப்பட்டவை. ஒல்லியான மரச்சட்டம், வெளியே மெல்லிய அலுமினியத் தகடு, உள்ளே சில மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒட்டுப்பலகை, இரண்டுக்கும் நடுவில் கண்ணாடி இழைப் பஞ்சு. தண்ணீர் உள்ளே புகுந்தால் பஞ்சு அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும், மரம் உறிஞ்சிக்கொள்ளும், தகடு வெளியேற விடாது. அங்கே பூஞ்சணம் சாவகாசமாக வளரும்.

தண்ணீர் புகும் இடங்கள் அநேகமாக எல்லா வண்டிகளிலும் ஒன்றுதான்: கூரை முன்பக்கச் சுவரோடு சேரும் விளிம்பு, கூரையில் துளையிட்டு வைத்த காற்றுப்போக்கிகளைச் சுற்றிய பூச்சு, சன்னல் சட்டங்கள், நான்கு மூலைகளில் ஓடும் அலுமினியப் பட்டைகள், மேல் மூலைகளில் இருக்கும் சிறிய அடையாள விளக்குகள். எங்கள் வண்டியில் வாடை வந்தது முன்பக்கக் கட்டிலின் அடியிலிருந்து. கட்டிலைப் பிரித்தோம், கழுவினோம், காயவைத்தோம். இரண்டு முறை மழை பெய்ததும் மறுபடி வந்தது. கடைசியில் பார்த்தால், கட்டிலுக்கு ஐந்து அடி மேலே இருந்த ஓர் அடையாள விளக்கின் அடியில் பூச்சு வெடித்திருந்தது. தண்ணீர் சுவருக்குள்ளேயே வழிந்து கட்டிலின் கீழே தேங்கியிருக்கிறது. வாடை வரும் இடமும் ஒழுகும் இடமும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை. இதைப் புரிந்துகொள்ள எங்களுக்கு இரண்டு மாதம் ஆனது.

கண்டுபிடிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. ஒருவர் உள்ளே டார்ச்சோடு இருக்கட்டும். இன்னொருவர் வெளியே தோட்டக் குழாய்த் தண்ணீரால் சுவரை மெதுவாக, அழுத்தமில்லாமல், கீழிருந்து மேலாக நனைத்துக்கொண்டே வரட்டும். ஒவ்வொரு உயரத்திலும் பத்து நிமிடம் நிறுத்துங்கள். மேலிருந்து தொடங்கினால் எந்த ஓட்டை என்று தெரியாது. மரத்தின் ஈரத்தை அளக்கும், இரண்டு ஊசிகள் கொண்ட சிறிய கருவி வன்பொருள் கடைகளில் கிடைக்கிறது. 15 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் மரம் காய்ந்திருக்கிறது. 20ஐத் தாண்டினால் அங்கே அழுகல் தொடங்கலாம்.

ஒழுகலை அடைத்த பிறகுதான் உள் வேலை. நனைந்த பகுதியின் ஒட்டுப்பலகையை அறுத்து எடுங்கள். நனைந்த பஞ்சைக் காயவைக்க முயலவேண்டாம், தூக்கி எறியுங்கள். விரலால் அழுத்தினால் நொறுங்கும் மரத்தை வெட்டி எடுத்துப் புது மரம் பொருத்துங்கள். மின்விசிறி வைத்து, கருவி 15க்குக் கீழே காட்டும்வரை சுவரைத் திறந்தே விடுங்கள். இதற்கு இரண்டு, மூன்று வாரம் ஆகலாம். இந்தக் காத்திருப்பைத்தான் எல்லோரும் குறுக்குகிறார்கள். ஈரமான மரத்தின்மேல் புதுப் பலகை அடித்தால் அடுத்த கோடையில் அதே வாடை.

சன்னலுக்கு வெளியே சிலிக்கான் பூசி மெழுகுவதும் நிலைக்காது. சன்னலைக் கழற்றி, காய்ந்துபோன பழைய பட்டையைச் சுரண்டிவிட்டு, புதிய பியூட்டைல் பட்டை (ஒட்டும் ரப்பர் நாடா) ஒட்டித் திரும்பப் பொருத்தவேண்டும். ஒரு சன்னலுக்கு இரண்டு மணி நேர வேலை.

பூஞ்சணத்தின்மேல் பிளீச் தெளித்தால் போதாதா?

வழவழப்பான பிளாஸ்டிக், கண்ணாடி, உலோகத்தில் வேலை செய்யும். மரத்தில் பிளீச்சின் தண்ணீர்தான் உள்ளே போகிறது. நிறம் வெளுத்துவிடுவதால் போய்விட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். சோப்புத் தண்ணீரால் தேய்த்துத் துடைத்து, நன்றாகக் காயவைப்பதே மேல். வேலை செய்யும்போது என்95 முகக்கவசம் அணியுங்கள். பூஞ்சணம் பரவிய பரப்பு 10 சதுர அடிக்கு மேல் இருந்தால் தொழில்முறையாளர் உதவியை நாடலாம் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் வழிகாட்டல். வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் நான் அதற்கும் குறைவிலேயே நிறுத்திவிடுவேன்.

ஒழுகல் எதுவும் இல்லை. ஆனாலும் மெத்தையின் அடியில் ஈரமாக இருக்கிறது.

அது நீங்கள் விட்ட மூச்சு. குளிர் இரவில் நான்கு பேர் மூடிய டிரெய்லரில் தூங்கினால், மூச்சின் ஈரம் குளிர்ந்த பரப்பில் படியும். மெத்தையின் கீழே இருக்கும் பலகைதான் மிகக் குளிர்ந்த இடம். மெத்தையை மரப்பட்டிகளின்மேல் தூக்கி வையுங்கள், கீழே காற்று ஓடட்டும். இன்னொன்றும் உண்டு: அடுப்பு எரிவாயுவான புரொப்பேன் ஒரு கிலோ எரிந்தால் ஏறத்தாழ 1.6 கிலோ நீராவி உண்டாகும். அடுப்பை எரித்துக் குளிர்காய்வது கார்பன் மோனாக்சைடால் ஆபத்து என்பதோடு, சுவரெல்லாம் தண்ணீரும் வார்க்கிறது. புகைபோக்கி வெளியே வைத்த ஃபர்னஸுக்கு இந்தக் குறை இல்லை. உள்ளே ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால் பூஞ்சணம் தலையெடுக்காது.

கழிவறையிலிருந்து வீச்சம் வருகிறது. மருந்து ஊற்றியும் போகவில்லை.

வீட்டுக் கழிவறையில் வளைந்த குழாயில் நிற்கும் தண்ணீர் காற்றைத் தடுக்கிறது. டிரெய்லர் கழிவறையில் அந்த வளைவு கிடையாது. கிண்ணத்தின் அடியில் ஒரு மூடி, அதைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம், அதன்மேல் இரண்டு விரல் தண்ணீர். கீழே நேராக பிளாக் டேங்க் என்னும் மலத்தொட்டி. அந்தத் தண்ணீர்தான் காவல். இரவில் கிண்ணத்தில் தண்ணீர் விட்டுவையுங்கள். காலையில் காணாமல் போயிருந்தால் ரப்பர் வளையம் பிடிக்கவில்லை என்று பொருள். வளையத்தின் பள்ளத்தில் படிந்த சுண்ணாம்பைப் பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுத்து, சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். வாசலின் தடவவேண்டாம், பெட்ரோலியம் அந்த ரப்பரைக் கெடுக்கும். வளையம் இறுகியிருந்தால் மாற்றிவிடுங்கள்.

அடுத்தது பழக்கம். குளியலறை மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கும்போது கழிவறை மூடியைத் திறந்தால், தொட்டியின் காற்றை விசிறி நேராக உங்கள் முகத்துக்கு இழுக்கும். விசிறியை நிறுத்தி, தண்ணீர் விட்டு, மூடி, அதன்பின் விசிறியைப் போடுங்கள். பல குடும்பங்களின் புகார் இந்த ஒரு மாற்றத்தோடு முடிந்திருக்கிறது.

மூன்றாவது, தொட்டியின் வால்வு. முகாம் திடலில் கழிவுக் குழாயை மாட்டிவிட்டு பிளாக் டேங்க் வால்வைத் திறந்தே வைப்பவர்கள் உண்டு. தண்ணீர் ஓடிவிடும், கெட்டியானது அங்கேயே குவிந்து காய்ந்து பாறையாகும். மூன்றில் இரண்டு பங்கு நிரம்பும்வரை மூடிவைத்து, அதன்பின் ஒரே வீச்சில் திறக்கவேண்டும். காலி செய்ததும் எட்டுப் பத்து லிட்டர் தண்ணீரை உள்ளே விடவேண்டும். பழைய வண்டியில் முந்தைய உரிமையாளர் விட்டுச் சென்ற பாறை இருந்தால், வெதுவெதுப்பான தண்ணீரும் என்சைம் மருந்தும் நிரப்பி, சில கிலோமீட்டர் ஓட்டிக் குலுக்கி, இரண்டு மூன்று நாள் ஊறவிட்டுக் காலி செய்யுங்கள். இரண்டு மூன்று தடவை செய்யவேண்டியிருக்கும். இதில் பிளீச் கலக்கக் கூடாது. கழிவைத் தின்று செரிக்கும் பாக்டீரியாவை அது கொன்றுவிடும்.

கூரையில் இருக்கும் காற்றுக் குழாயையும் பாருங்கள். குளவிக் கூடோ பறவைக் கூடோ அடைத்திருந்தால், தொட்டியின் காற்று போக வழியில்லாமல் உள்ளே வரும்.

சமையலறைத் தொட்டி பக்கம் சாக்கடை வீச்சம் வருகிறதே?

முதலில் எல்லா வடிகால்களிலும் ஒரு குவளை தண்ணீர் ஊற்றுங்கள், குளியல் தரையையும் சேர்த்து. ஓடும்போது குலுங்கியோ, நாள்பட நிறுத்தி ஆவியாகியோ வளைகுழாயில் தண்ணீர் போயிருக்கும். அப்படியும் நின்றபாடில்லை என்றால் தொட்டியின் அடியில் பாருங்கள். காளான் தலை போல ஒரு பிளாஸ்டிக் மூடி நிற்கும். அது காற்றை உள்ளே மட்டும் விடும் ஒருவழி வால்வு. அதன் ரப்பர் பத்து, இருபது ஆண்டில் கெட்டுவிடும். விலை மிகக் குறைவு, கையாலேயே திருகி மாற்றலாம்.

கிரே டேங்க் என்னும் பாத்திரம் கழுவிய நீரின் தொட்டி, பல நேரம் மலத்தொட்டியைவிட மோசமாக நாறும். எண்ணெயும் தேங்காய்ப்பாலும் படிந்த தட்டுகளைக் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள்.

அழுகிய முட்டை நாற்றம் வருகிறது. என்ன செய்யவேண்டும்?

முதலில் எரிவாயு என்றே நினையுங்கள். புரொப்பேனுக்கு மணமில்லை, கசிவு தெரியவேண்டும் என்பதற்காக எத்தில் மெர்காப்டனைக் கலக்கிறார்கள். அந்த வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது, தரையோடு தங்கும். எந்த சுவிட்சையும் தொடாமல் எல்லோரையும் வெளியே அழைத்து வாருங்கள், சிலிண்டரை மூடுங்கள், தூரமாகப் போய்த் தொலைபேசியை எடுங்கள். தரைக்கு அருகில் பொருத்தியிருக்கும் எரிவாயு எச்சரிக்கைக் கருவிக்கு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள்தான் ஆயுள். பழைய டிரெய்லரில் அது செத்துப்போய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். பின்பக்கத்தில் அச்சிட்ட தேதியை இன்றே பாருங்கள்.

எரிவாயு இல்லை என்று உறுதியான பின் பேட்டரியைத் தொடாமல் கவனியுங்கள். ஈய-அமில பேட்டரி அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆனால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வரும். அதுவும் முட்டை நாற்றம்தான், அதுவும் நச்சுதான். பேட்டரி உப்பியோ சூடாகவோ இருந்தால் சார்ஜரைத் துண்டித்து, காற்றோட்டம் விட்டு, பேட்டரியை மாற்றுங்கள்.

சுடுநீர்க் குழாயைத் திறக்கும்போது மட்டும் வருகிறதென்றால் வாட்டர் ஹீட்டர். எஃகுத் தொட்டி கொண்ட ஹீட்டர்களில் துருப்பிடிக்காமல் இருக்க ஒரு மெக்னீசியத் தண்டு வைத்திருப்பார்கள். தண்ணீரில் உள்ள சல்ஃபேட்டை ஒரு வகை பாக்டீரியா ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றும். மெக்னீசியம் அதற்குத் துணைபோகிறது. ஹீட்டரை அணைத்து, முழுதாக ஆறவிட்டு, அழுத்தத்தை வெளியேற்றிய பின் அடி மூடியைத் திறந்து வடிகட்டி அலசுங்கள். பிறகு தொட்டியின் கொள்ளளவில் லிட்டருக்கு ஒரு மில்லி என்ற கணக்கில், வாசனை சேர்க்காத வீட்டு பிளீச்சைத் தண்ணீரில் கலந்து நிரப்பி, எல்லாக் குழாய்களிலும் வரவிட்டு, நான்கு மணி நேரம் நிறுத்தி, நாற்றம் போகும்வரை அலசுங்கள். மறுபடி மறுபடி வந்தால் அலுமினியமும் துத்தநாகமும் கலந்த தண்டுக்கு மாறலாம்.

மூத்திர நெடி. ஆனால் எங்களுக்குப் பூனையும் இல்லை, எலியும் இல்லை.

ஃப்ரிட்ஜைப் பாருங்கள். எரிவாயுவிலும் மின்சாரத்திலும் ஓடும் டிரெய்லர் ஃப்ரிட்ஜ்களுக்குள் அமோனியாவும் ஹைட்ரஜனும் இருக்கின்றன. கண்ணைக் கரிக்கும் நெடி, பின்பக்கக் குழாய்களில் மஞ்சள் பொடி, குளிர்ச்சி இல்லை என்றால் கசிவுதான். உடனே அணைத்து, காற்றோட்டம் விட்டு வெளியேறுங்கள். அதைச் சுத்தம் செய்து சரிப்படுத்த முடியாது. குளிர்விக்கும் பகுதியையோ ஃப்ரிட்ஜையோ மாற்றவேண்டும்.

எலிகள் குடியிருந்த வண்டி. எங்கே தொடங்குவது?

பொறுமையோடு தொடங்குங்கள். உலர்ந்த எலிப் புழுக்கையைப் பெருக்கவோ வேக்குவம் கிளீனரால் இழுக்கவோ கூடாது. மான் எலி எனப்படும் காட்டுச் சுண்டெலியின் சிறுநீரும் புழுக்கையும் தூசியாகக் கிளம்பினால் ஹான்டா வைரஸ் தொற்றலாம். 2012இல் கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் பத்துப் பேருக்குத் தொற்றியது, மூவர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தங்கியிருந்த கூடார அறைகளின் இரட்டைச் சுவர்களுக்கு நடுவே எலிகள் கூடு கட்டியிருந்தன. டிரெய்லரின் சுவரும் அதே அமைப்புதான். கனடாவில் இந்த நோய் பெரும்பாலும் மேற்கு மாகாணங்களில் தென்படுகிறது. ஆனால் பழைய டிரெய்லர் எந்த மாகாணத்தில் எத்தனை ஆண்டு நின்றது என்று யார் கண்டது?

கதவு சன்னல்களைத் திறந்து அரை மணி நேரம் விலகி நில்லுங்கள். கையுறை அணிந்து, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, புழுக்கையும் கூடும் நன்றாக நனையும்படி தெளித்து, ஐந்து நிமிடம் விட்டு, காகிதத் துண்டால் எடுத்து, பையில் கட்டி எறியுங்கள். அதன்பின் தரையைத் துடையுங்கள்.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரிவதை எடுக்கத்தான். நெடி போகவில்லையென்றால் கூடு கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது: வண்டியின் அடிவயிற்றை மூடியிருக்கும் பிளாஸ்டிக் தகட்டின் மேலே உள்ள பஞ்சு, ஃபர்னஸின் காற்றுக் குழாய்கள், அலமாரிகளின் பின்புற இடுக்கு. ஃபர்னஸ் போட்டதும் நெடி கூடினால் குழாய்களில் தேடுங்கள். அடித் தகட்டைக் கழற்றி, நனைந்த பஞ்சை முழுதும் அகற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. மரத்தில் ஊறிய சிறுநீருக்கு என்சைம் மருந்தை ஊற்றி, ஒரு நாள் ஈரம் காயாமல் மூடிவைத்து, பிறகு காயவிடுங்கள். துடைத்த கையோடு உலர்த்தினால் என்சைமுக்கு வேலை செய்ய நேரமில்லை.

பூனை மூத்திரம் தேங்கி ஊறிய இடத்தில் பிளீச் வேண்டாம். அமோனியாவும் பிளீச்சும் சேர்ந்தால் நச்சுவாயு. வினிகரோடும் பிளீச்சைச் சேர்க்கவேண்டாம்.

கடைசியாக வழியை அடையுங்கள். ஆறு மில்லிமீட்டர் ஓட்டை போதும், சுண்டெலி நுழைந்துவிடும். மின்கம்பி உள்ளே வரும் மூடி, தரையைத் துளைத்துப் போகும் தண்ணீர்க் குழாய்களின் விளிம்பு இரண்டையும் செம்புக் கம்பிவலையும் சீலன்டும் கொண்டு அடைத்தால் பெரும்பங்கு முடிந்தது.

முந்தைய உரிமையாளர் சிகரெட் பிடித்தவர். போக்க முடியுமா?

முடியும், ஆனால் மெத்தை, நுரை மெத்தைத் தலையணை, திரைச்சீலை, கம்பளம் எதையும் காப்பாற்ற நினைக்கவேண்டாம். அவை போகவேண்டும். அதன்பின் கூரையின் உட்பக்கத்தில் தொடங்கி, அலமாரிகளின் உள்ளும் வெளியும், சன்னல் சட்டங்கள், விளக்குக் கண்ணாடிகள்வரை டிரைசோடியம் பாஸ்பேட் கலந்த தண்ணீரால் கழுவுங்கள். மஞ்சள் தண்ணீர் ஓடுவது நிற்கும்வரை கழுவவேண்டும். முழுதும் காய்ந்தபின், ஷெல்லாக் என்னும் அரக்கு அடிப்படையிலான அடிப்பூச்சு இரண்டு கை அடித்து, அதன்மேல் வண்ணம். தண்ணீர் சார்ந்த வண்ணத்தை நேராக அடித்தால் நிகோட்டின் கறை மேலே வந்துவிடும், வாடையும் வரும். கூரையில் உள்ள குளிரூட்டியின் வடிகட்டியையும் மாற்றுங்கள்.

ஓசோன் இயந்திரம் வாடகைக்குக் கிடைக்கிறது. வைக்கலாமா?

நான் வைக்கமாட்டேன். மணத்தைப் போக்கும் அளவு ஓசோன் நுரையீரலைப் புண்ணாக்கும் அளவு. பழைய வண்டியின் ரப்பர் பட்டைகளை அது வெடிக்கவைக்கும். அந்த வெடிப்பில்தான் அடுத்த மழை நுழையும்.

சமையல் சோடா, கரித்தூள், காப்பித்தூள்?

மூலத்தை அகற்றிய பிறகு மிச்சத்தை வாங்கிக்கொள்ள, சோடாவும் கரியும் உதவும். அதற்கு முன்னால் வைத்தால் வீண். காப்பித்தூள் இன்னொரு மணத்தைச் சேர்க்கிறது, அவ்வளவே.

பழைய டிரெய்லர்களில் ஃபார்மால்டிஹைடு இருக்கும் என்கிறார்களே?

2005இல் கத்ரீனா சூறாவளிக்குப் பின் வீடிழந்தவர்களுக்கு அமெரிக்க அரசு கொடுத்த டிரெய்லர்களால் எழுந்த கவலை இது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2007 டிசம்பரிலும் 2008 ஜனவரியிலும் 519 வண்டிகளைச் சோதித்தபோது, சராசரி நூறு கோடியில் 77 பங்கு ஃபார்மால்டிஹைடு இருந்தது. 2010இல் கூட்டு மரப்பலகைகளிலிருந்து வெளிவரும் அளவுக்கு வரம்பு வைக்க அங்கே சட்டம் வந்தது. பலகையின் பசையிலிருந்து வரும் இந்த வாயு ஆண்டுகள் போகப்போகக் குறையும். முப்பது வயது வண்டியில் எனக்கு இதைப் பற்றிக் கவலையில்லை. புதிதாக அலமாரி கட்டும்போது மலிவான துகள்பலகை வாங்கி வைத்தால், புதுப்பித்த கையோடு கண் எரியும். அதற்கு மட்டும் கவனம் தேவை.

கருவாடு, மீன் பொரியல் எல்லாம் உள்ளே சமைக்கலாமா?

வெளியே சமையுங்கள். இருபது அடி அறையில் எண்ணெய் ஆவி போக இடமில்லை. கூரையிலும் திரையிலும் படிந்து, சில மாதத்தில் சிக்கு வாடையாகிவிடும். மேசையில் வைக்கும் எரிவாயு அடுப்பு ஒன்றை மரத்தடியில் வைத்தால் தாளிப்பும் மீனும் அங்கேயே முடியும். ஆனால் மீன் கழுவிய தண்ணீரையும் முள்ளையும் அங்கே கொட்டவேண்டாம், கரடி வரும் பூங்காக்கள் இங்கே பல. ஏற்கெனவே படிந்திருந்தால், அடுப்பின் மேலுள்ள புகைவிசிறியின் வலையைச் சூடான சோப்புத் தண்ணீரில் ஊறவையுங்கள். வெளிச்சுவரில் இருக்கும் அதன் மூடி திறந்துகொள்கிறதா என்றும் பாருங்கள். பயணத்துக்காகத் தாழ்ப்பாள் போட்டதை மறந்து பல பருவம் மூடியபடியே சமைத்த வீடுகள் உண்டு.

இன்னும் வாங்கவில்லை. பார்க்கப் போகும்போது எதைக் கவனிப்பது?

மழை பெய்த மறுநாள் போங்கள். முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லி, வண்டியை மூடியே வைக்கும்படி கேளுங்கள். போய்ச் சேரும்போது எல்லாச் சன்னல்களும் திறந்து, உள்ளே வாசனைத் திரவியம் மணந்தால், இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்புங்கள். உள்ளே போனால் மூலைகளில் சுவரை உள்ளங்கையால் அழுத்துங்கள். மெத்தென்று உள்வாங்கினால் அங்கே மரமில்லை. கட்டிலின் அடியில் தலையை விடுங்கள், அலமாரிகளின் பின்மூலையில் டார்ச் அடியுங்கள், ஈரமளக்கும் கருவியை முன்பக்க மேல் மூலைகள் இரண்டிலும் வையுங்கள். எங்கள் வண்டியை வாங்கப் போன நாளில் அந்தக் கருவி எங்களிடம் இல்லை. இப்போது, வண்டி பார்க்கப் போகும் யாருக்கும் அதை இரவல் தருகிறோம்.